மூன்று பிள்ளையார் கோயில் தெருக்களும் ஒரு வாரப் பத்திரிகையும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதுராந்தகத்திலிருந்து பெருங்களத்தூருக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. எங்கள் ஊரில் ஒன்பது வருடமாக நான் நடத்தும் நான்கு பக்க வாரப் பத்திரிகையை அச்சிடுவதா, அச்சை நிறுத்திவிட்டு வாட்ஸப்பில் மட்டும் அனுப்புவதா என்று திங்கட்கிழமைக்குள் அச்சகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. என்னைப் போலவே பீர்க்கன்கரணையில் ஒரு வாரப் பத்திரிகை நடத்தும் ஸ்டெல்லா மேடம் இன்னும் அச்சடிக்கிறார். எப்படி என்று நேரில் பார்க்க ஆசை. உண்மையைச் சொன்னால், மூடுகிற முடிவோடுதான் கிளம்பினேன். போய் விசாரித்துவிட்டுத்தான் மூடினேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

காலை 7.10க்குப் பேருந்து. 55 ரூபாய் டிக்கெட், ஜன்னலோரம் கிடைத்தது. வண்டலூர் வரை நிம்மதி, அதற்குப் பிறகு ஜி.எஸ்.டி. சாலை நெரிசல் தன் வழக்கமான வேலையைக் காட்டியது. 8.50க்குப் பெருங்களத்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

"பீர்க்கன்கரணை, பிள்ளையார் கோயில் தெரு."

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எந்தப் புள்ளையார் கோயில் தெரு சார்? இந்த ஏரியாவுல மூணு கீது. நகர் பேரு சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. ஸ்டெல்லா மேடம் முகவரி அனுப்பியபோது நகர் பெயரைப் போடவில்லை. இரண்டு தெரு அலைந்து, மூன்றாவது தெருவில் அவர் வீடு. 80 ரூபாய் பேசியது 120 ஆனது. ஓட்டுநர் மேல் தவறில்லை.

வீட்டின் முன்னறைதான் அலுவலகம். நான் போனபோது அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சாரிங்க, சாரிங்க, உங்க தெரு இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வைத்ததும் மறுபடி அடித்தது. மேசையில் அன்று காலை விநியோகமான பத்திரிகை. முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிய அறிவிப்பு: 'பிள்ளையார் கோயில் தெருவில் நாளை காலை 9 முதல் 2 வரை மின்தடை.' நகர் பெயர் இல்லை.

"என் வூட்டு தெரு சார். எனக்குப் பிள்ளையார் கோயில் தெருன்னா இது ஒண்ணுதான். எழுதும்போது மத்த ரெண்டும் ஞாபகத்துக்கே வரல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் 40 ரூபாயும் அதே கணக்கில்தான் போயிருந்தது.

"வாட்ஸப்புலயும் இதேதானே போயிருக்கும்?"

போனை நீட்டினார். அதே அறிவிப்பு, அதே தப்பு. கீழே பதினாறு கட்டைவிரல்கள். ஒருவரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. "அதுல பாக்கறாங்க சார், படிக்கறதில்ல. பேப்பர்ல வந்தா நிஜம்னு நம்பி, மாவு அரைச்சு, தொட்டி ரொப்பி, அப்புறம் எனக்கு போன் பண்ணித் திட்டறாங்க."

வாட்ஸப்பை அவர் மட்டமாகப் பேசவில்லை. திருத்தத்தைக் குரல் பதிவாக முதலில் அதில்தான் அனுப்பினார். பிறகு, "வாங்க சார், ரெண்டு தெருவுக்கும் நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்" என்று ஸ்கூட்டியை எடுத்தார். பயணத்தின் பெரும்பகுதி அதன் பின்சீட்டில்தான் கழிந்தது. முதல் தெருவில் கோயில் வாசல் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்தோம். போகிற வழியில் இஸ்திரி வண்டி, டியூஷன், தண்ணீர் கேன் கடை என்று அவருடைய விளம்பரதாரர்களையும் காட்டினார். எல்லாமே கூப்பிடு தூரத்தில் இருப்பவை. ஊர் உலகச் செய்தி ஒரு வரிகூடப் போடுவதில்லையாம்.

இரண்டாவது தெரு தாம்பரத்தை ஒட்டியது. அங்கே குரல் பதிவைக் கேட்டிருந்த தையல்கடை லதா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னாக்கா இப்டி பண்ட்ட! நாளைக்குக் கரண்ட் இல்லன்னு கல்யாண வூட்டு ப்ளவுஸ் ரெண்டையும் திங்கக்கிழமைதான்னு சொல்ட்டேன். அவங்க வேற கடைக்குப் போய்ட்டாங்க. உன் பேப்பர நம்பித்தானே சொன்னேன்?"

 ஸ்டெல்லா மேடம் அந்தக் கல்யாண வீட்டு எண்ணை வாங்கி, அங்கேயே நின்று போன் போட்டு, தவறு தன்னுடையது என்று சொல்லித் துணியைத் திரும்ப லதாவிடமே கொடுக்கச் சொன்னார். ஒன்றுதான் திரும்பி வந்தது. லதா முகம் முழுதாகத் தெளியவில்லை. ஆனாலும் டீ சொன்னார்.

 இரண்டு வாரம் முன்பு, இலவசக் கண் பரிசோதனை முகாமின் தேதியை நானும் மாற்றிப் போட்டிருந்தேன். சனிக்கிழமைக்குப் பதில் ஞாயிறு. ஒரு போன் வரவில்லை. தப்பித்தோம் என்று அன்று சந்தோஷப்பட்டேன். லதா திட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது, என்னை யாரும் படிக்கவே இல்லை. ஸ்டெல்லா மேடத்தின் மேல் பொறாமையாக இருந்தது. திட்டு வாங்குகிற ஒருவர் மேல் பொறாமைப்பட்டது அதுதான் முதல் முறை.

தாம்பரத்தில் 1.20க்கு மின்சார ரயில். செங்கல்பட்டுக்கு 10 ரூபாய், அங்கிருந்து பேருந்து. வழியெல்லாம் என் பழைய இதழ்களை மனதில் புரட்டினேன். பாதி, நேற்றே எல்லோருடைய போனிலும் வந்துவிட்ட செய்தி. என் தொலைபேசி எண் நான்காம் பக்கத்தின் அடியில், எறும்பு மாதிரி.

திங்கட்கிழமை அச்சகத்துக்குச் சொல்லிவிட்டேன்: நிறுத்த வேண்டாம், பிரதிகளைப் பாதியாக்குங்கள், இரண்டு பக்கம் போதும், என் எண்ணை முதல் பக்கத்தில் பெரிதாகப் போடுங்கள். வெளியூர்ச் செய்தியை எடுத்துவிட்டேன். மின்தடை, குடிநீர், பால், பள்ளி என்று தெருத் தெருவாகப் போடுகிறேன். அவசரத் திருத்தம் மட்டும் வாட்ஸப்பில். இது எத்தனை நாள் ஓடும் என்று எனக்குத் தெரியாது.

உங்களில் யாராவது சிறு பத்திரிகை நடத்தினால், ஒருமுறை போய்ப் பாருங்கள். இதழ் வெளிவரும் வெள்ளிக்கிழமை காலையில் போவது நல்லது. பண்டிகை வாரத்து நெரிசலில் பெருங்களத்தூர் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். முகவரியில் நகர் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றியபின் மூன்றாவது இதழ் வந்த காலை 7 மணிக்குப் போன் அடித்தது. தெரியாத எண். "ஏங்க, பால் பூத்து மாறினது எங்க தெருவுக்கு. நீங்க வடக்குத் தெருன்னு போட்டிருக்கீங்க. தூக்குச் சட்டியோட அங்க போய் நின்னுட்டு வரேன். பாத்துப் போட மாட்டீங்களா?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் விடவில்லை. நான் மனைவியைக் கைகாட்டிக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன். இன்னும் கொஞ்சம் திட்ட மாட்டாரா என்று இருந்தது.