அப்பாவுக்குப் படித்துக் காட்டிய காதல் கதை

படப்பையில் ஒரு பழைய புத்தகக் கடையில் மாத நாவல் ஒன்றைப் புரட்டினேன். அந்த மட்டத் தாளின் வாசனை என்னைப் பள்ளி நாட்களுக்குக் கொண்டுபோனது.

எழுபதுகளில், ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு விடுமுறை. மண்ணூர் வீட்டில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து நாவல் படித்துக்கொண்டிருந்தேன். ஊட்டிக்குப் போன இரண்டு நண்பர்கள், ரவியும் மாலாவும், மெல்லக் காதலில் விழும் கதை. எனக்குச் சிரிப்பும் கூச்சமுமாக இருந்தது. அப்போதுதான் அப்பா பார்த்துவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னா புக்கு அது? மொதல்லேர்ந்து படி, கேக்கறேன். தப்பா எதுனா இருந்திச்சி, லீவு முடிஞ்சி நீ இஸ்கூலுக்குப் போவ வேணாம்."

பக்கங்களைத் தாண்டித் தாண்டி, பொழுது சாயும்வரை படித்தேன். ரவி அவள் கையைப் பிடிக்கும் இடத்தில் மழை பெய்ததாகச் சொன்னேன். முத்தமிடும் இடத்தில் இருவரையும் டீ குடிக்க வைத்தேன். கடைசியில் நண்பர்களாகவே பிரித்து ஆளுக்கொரு ரயிலில் ஏற்றிவிட்டேன்.

அப்பா சலித்துக்கொண்டார்.

"இன்னா கதை எழுதிக்கீறான்? அவ்ளோ பிரியமா கீற புள்ளைங்க. ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சா இன்னாவாம்?"

நாவலில் அவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். மாற்றிப் படித்தது தெரிந்துவிடும் என்ற பயம் தடுத்தது.

"தெரியலப்பா" என்றேன்.