நாகவேணி வைத்த காலிக் குடங்கள்

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற நாகவேணி, கையில் வந்த பணம் முழுவதையும் போட்டு தேவனஹள்ளிக்கு வெளியே புது லேஅவுட்டில் ஒரு வீடு வாங்கினாள். குழாய்த் தண்ணீர் வந்துவிடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் வந்தது டேங்கர்தான்.

விற்காத மீதி வீடுகளைப் பார்க்க ஞாயிறுதோறும் ஆட்கள் காரில் வருவார்கள். அவர்களிடம் தண்ணீர்ப் பேச்சே எடுக்கக்கூடாது என்று குடியிருப்போர் சங்கம் முடிவு செய்தது. செயலாளர் சிதானந்தா அவள் வீட்டுக்கே வந்தார்.

"அக்கா, விஷயம் வெளிய போனா எல்லார் வீட்டு விலையும் விழுந்துடும். உங்க வீடும்தான்."

"விழட்டும். பஸ் போகாத ஊருக்கு நான் என்னைக்கும் டிக்கெட் கிழிச்சதில்ல, சார்."

அடுத்த ஞாயிறு வீட்டிலிருந்த காலிக் குடங்களையெல்லாம் வாசலில் அடுக்கி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கேட்டவர்களிடமெல்லாம் உள்ளதைச் சொன்னாள். பல கார்கள் வந்த வழியே திரும்பின. சீக்கிரமே விலை இறங்கியது. தெருவே அவளோடு பேச்சை நிறுத்தியது. யுகாதிப் பண்டிகைக்கு ஒரு வீட்டிலிருந்தும் ஒப்பட்டு என்கிற போளி வரவில்லை. அது அவளுக்கு வலித்தது. ஆனாலும் ஞாயிறு வந்தால் குடங்கள் வாசலுக்கு வந்தன.

இறங்கிய விலையில் எதிர்வீட்டை வாங்கிக்கொண்டு ரேணுகா என்ற நர்ஸ் குடிவந்தாள். அவளையும் எச்சரிக்கப் போனார் சிதானந்தா.

"இந்தம்மா வாயைத் திறந்ததாலதான் சார் எனக்கு வீடே கிடைச்சது" என்று சொல்லிவிட்டு, ரேணுகா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நாகவேணி பக்கத்தில் போட்டாள்.