அமா ஆடிய மூன்றாவது செட்

போன கிழமை, டுசல்டோர்ஃபில் எங்கள் தெருவில் பழைய செங்கல் சுவரொன்றை இடித்தார்கள். மழை தூறியதும் ஈரத் தூளின் மணம் யன்னல் வழியே வந்தது. டென்னிஸ் மைதானத்துச் சிவப்பு மண்ணும் இடித்த செங்கல்தான், உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எனக்கு அந்த மணத்தோடு எப்போதும் இரத்தமும் சேர்ந்து மணக்கும்.

பதினாறு வயதில், சனிக்கிழமைகளில், ஒரு டென்னிஸ் கழகத்தில் கோட்டு நடுவராக நின்றேன். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் கத்த வேண்டும். எனக்கு ஆடத் தெரியாது. ஆனால் எங்கள் குடும்பத்துத் தொண்டை இருந்தது.

அமா அங்கேதான் ஆடினாள். கானாவிலிருந்து வந்த தாய்க்கு ஒரே மகள், என் வயது, கழகத்தின் ஒரே கறுப்புப் பிள்ளை. பந்தை யாரையோ அறைவது போல அடிப்பாள். ஆட்டம் முடிந்ததும் என் அம்மாவின் மீன் ரோல்ஸை ஒரே வாயில் விழுங்குவாள். மிளகாய்த் தூள் காணாது என்று குறை வேறு!

இளையோர் இறுதியாட்டத்தன்று, எதிரே ஆடியவளின் அண்ணனும் இரண்டு கூட்டாளிகளும் வேலிக்கு வெளியே நின்று குரங்கு போலக் கத்தினார்கள். பெரியவர்கள் கேளாதது போலக் கோப்பி குடித்தார்கள். ஆளுக்கொரு செட் வென்றபின் இடைவேளை. அமா உடைமாற்றும் அறைக்குப் பின்னாலிருந்த குழாயடிக்குப் போனாள். நானும் போனேன்.

மூவரும் வந்தார்கள். அண்ணன்காரன் அவளது பின்னலைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான். மூன்று தரம். விழுந்தவளின் விலாவில் மற்றவர்கள் உதைத்தார்கள். நான் செய்த வீரச் செயல், "ஐயோ அம்மா!" என்று தமிழில் கத்தியதுதான். ஜெர்மன் வரவில்லை. அமா உருண்டு எழும்பி ராக்கெட்டை வீசினாள். அண்ணன்காரனின் வாய் கிழிந்தது.

ஆட்கள் ஓடி வந்ததும், "இவள்தான் முதலில் அடித்தாள்" என்று அழுதான். அமாவை நீக்கப்போவதாகச் சொன்ன நிர்வாகி, "யாராவது பார்த்தீர்களா?" என்றார்.

அப்பா எப்போதும் சொல்வது நினைவுக்கு வந்தது: "பிள்ளை, ஒரு பிரச்சினைக்குள்ளயும் போகாதை. எங்கட விசா விண்ணப்பம் இன்னும் முடியேல்லை."

கையை உயர்த்தினேன். "நான் பார்த்தேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

மூவரையும் வெளியேற்றினார்கள். அமா மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு, "ஆடுவேன்" என்றாள். மூன்றாவது செட் முழுக்க வாயால் மூச்சு விட்டாள். சட்டையின் முன்பக்கம் சிவந்துகொண்டே போனது. வென்றதும் வலையைப் பிடித்தபடி வாந்தி எடுத்தாள்.

வீட்டில் அப்பா, "என்ன சொன்னனி?" என்றார்.

"கண்டதைச் சொன்னனான். பொலிசிலயும் சொல்லச் சொல்லினம்."

சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்தார். பிறகு தானே குனிந்து சோற்றைப் பொறுக்கினார். திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. "வெளிக்கிடு. பொலிசுக்கு நானும் வாறன்."

அமா நாட்டின் சாம்பியனானாள். பிறகு உலகத்தின் பெரிய மைதானங்கள். அவள் எனக்கு அனுப்பிவந்த தபாலட்டைகள் நின்றுபோயின. கழகம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள்.

அந்த வீடுகளின் கீழே ஒரு பேக்கரி. நேற்றுப் பாண் வாங்கப் போனேன். விற்பவனைக் கண்டதுமே அடையாளம் தெரிந்தது: அந்த அண்ணன்காரன். சுவரில், வெற்றிக் கோப்பையோடு நிற்கும் அமாவின் படம்.

"எங்கள் ஊர்ப் பிள்ளை" என்றான் பெருமையாக. "சின்ன வயதில் இவள் ஆடுவதை நேரில் பார்த்தவன் நான்."

"நானும் அங்கே நின்றேன்" என்றேன். அவன் முகத்தையே பார்த்தேன். எதுவும் அசையவில்லை.

"அப்படியா! எவ்வளவு நல்ல நாட்கள், இல்லையா?" என்று சொல்லி, என் பைக்குள் ஒரு இனிப்புப் பணிஸை இனாமாகப் போட்டான்.