ஒத்துக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம்

எனக்கு அப்போது பதினேழு வயது. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி வெட்டும் வேலை. ஒருநாள் பிளேடு விரலைக் கிழித்துவிட்டது. மேஸ்திரி ஒரு பேண்டேஜ் சுருளை எடுத்துக் கொடுத்து, "வீட்ல போயி மாத்திக் கட்டிக்கோ" என்றார். அதைத் தூக்குவாளிப் பையில் போட்டுக்கொண்டேன்.

கேட்டில் முதலாளியே நின்று பைகளைச் சோதித்தார். கொஞ்ச நாளாகவே கம்பெனியில் சரக்கு காணாமல் போய்க்கொண்டிருந்தது. என் பையிலிருந்து சுருள் வெளியே வந்ததும் நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கட்டுப் போட்ட விரலோடு என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். வயதை யாரும் கேட்கவில்லை. எழுதியவர் தன் இஷ்டத்துக்குப் பத்தொன்பது என்று எழுதிக்கொண்டார்.

கேஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனது. முதல் நாள் அப்பாவும் நானும் அரசு வக்கீல் அறை வாசலில் நின்றோம். சைக்கிள் திருடியதாக ஒருவன், சீட்டாடிய நாலு பேர், சாராயம் விற்ற ஒரு கிழவி என்று எங்களுக்கு முன்னால் ஒரு வரிசை. உள்ளே போனவர்கள் எல்லோரும் போன வேகத்திலேயே திரும்பி வந்தார்கள். என் முறை வந்தபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒத்துக்கோ. அபராதத்தக் கட்டிட்டு இன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம். இல்லைன்னா வாய்தா வாய்தான்னு அலையணும்."

"நான் எடுக்கல சார். மேஸ்திரி குடுத்தாரு. இந்தா பாருங்க, விரலு..."

"கையெல்லாம் எதுக்குக் காட்டுற? அடுத்த ஆள வரச் சொல்லு."

வெளியே வந்ததும் அப்பா கெஞ்சினார். "ஏட்டி, அவிய சொல்லுதத கேளு. ஒரு தலையாட்டு. செத்த நேரத்து வேல."

"எடுக்காதத எடுத்தேன்னு எப்படிப்பா சொல்லுவேன்?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் மாஜிஸ்திரேட் முன்னால் தலையாட்டினார்கள். நான் மட்டும் இல்லை என்றேன். நான் என்னவோ அவர் வீட்டில் கன்னம் வைத்ததுபோல அரசு வக்கீல் என்னை முறைத்தார். அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

அதன்பின் அலைச்சல்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பா மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்தார். பஸ்ஸில் என்னோடு பேசவே மாட்டார். தெருவில் என்னைக் கண்டால் பேச்சு நிற்கும். பேசி முடித்திருந்த சம்பந்தமும் முறிந்தது. ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

பிறகு ஒரு வாய்தாவில், அரசு வக்கீலுக்குப் பக்கத்து மேஜைக்குப் புதிதாக இன்னோர் இளம் அரசு வக்கீல் வந்திருந்தார். என் கேஸ் அவரிடம் போயிருந்தது. உட்காரச் சொன்னார். "ஒனக்கு வயசு என்னம்மா?" என்றார்.

"பதினெட்டு சார். பிடிக்கும்போது பதினேழு."

பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப இந்தக் கோர்ட்டுல ஒன்ன நிப்பாட்டியிருக்கவே கூடாதே. சிறார் கோர்ட்டுக்குல்ல போயிருக்கணும். சரி, சுருளக் குடுத்தது யாரு?"

அவர் மேஸ்திரியைக் கூப்பிட்டு விசாரித்தார். "நாந்தான் சார் குடுத்தேன். மொதலாளிக்குப் பயந்து வாயத் தொறக்கல. போலீசுல இருந்தும் சரி, இங்கருந்தும் சரி, எங்கிட்ட யாருமே கேக்கல" என்றார் மேஸ்திரி. கேஸை வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. ரெண்டே ரெண்டு கேள்வி! பழைய வக்கீலின் மேஜைக்கு நேராகப் போய் நின்றேன்.

"மொத நாளே இதக் கேட்டா என்ன சார்?"

"ஒரு நாளைக்கு எம்புட்டுப் பேரு வாரீக. எல்லார்ட்டயும் ஒக்காந்து கத கேக்க முடியுமா? அதான் விட்டாச்சுல்ல, போ."

"அந்தச் சாராயக் கிழவிட்டயாவது கேட்டீகளா?"

அப்பா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். நான் திமிறிக்கொண்டே நடந்தேன்.

மறுவாரம் முதலாளி ஆள் அனுப்பினார், வேலைக்கு வரலாமாம். போய்விடுவேன் என்று அப்பா நினைத்தார். "அவன் கேட்டு வாசல நான் மிதிக்க மாட்டேன்" என்றேன். செட்டியார்பட்டிப் பக்கம் தறியும் ஓடுகிற வேறொரு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டேன். முதல் நாளே அங்கிருந்த ஒருத்தி, "திருட்டுக் கேசுல மாட்டுனது நீதான?" என்றாள்.

"நாந்தான். நான் திருடல" என்றேன், தறிச் சத்தத்தையும் மீறி எல்லோருக்கும் கேட்கும்படி.