விளக்கைச் சொன்னேன், தண்ணீரைச் சொல்லவில்லை

வங்கியிலிருந்து பேசிய பெண்மணி ஒரே கேள்விதான் கேட்டார்: அந்த வீட்டுக்குள் யார் போனது?

தொண்ணூறுகளின் நடுவில், நியூ ஜெர்சியில், ரியல் எஸ்டேட் ஏஜென்டாக நான் எடுத்த முதல் ஷார்ட் சேல் அது. வீட்டுக்காரருக்கு வேலை போய், வீட்டின் விலையும் கடனுக்குக் கீழே இறங்கிவிட்டது. அவர் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். வந்த விலைக்கு விற்க வங்கி சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதக் கடிதத்தை ஐந்து மாதம் காத்திருந்து வாங்கினோம்.

வாங்கவிருந்தவர் செந்தில், கோயம்புத்தூர்க்காரர். மனைவியும் ஐந்து வயது மகளும் மார்ச்சில் வருவதாக இருந்தது. பணம் கட்டி வீட்டைப் பெயர் மாற்றும் க்ளோசிங் பிப்ரவரி கடைசியில். அதற்குள் தை முடிந்துவிடும்.

"ஆன்ட்டி, ஊர்ல நாள் பார்த்துட்டாங்க. மாசி, பங்குனி ஆகாதுங்களாம். சாவி குடுங்க, பால் காய்ச்சிட்டு அரை மணி நேரத்துல வந்துடறேன்."

"க்ளோசிங் முடியாம அது உங்க வீடு இல்ல செந்தில்."

"அது பேங்குக்குங்க. சாமிக்கு அதெல்லாம் தெரியுமுங்களா?"

சிரித்துவிட்டேன். கணவருக்கு வாரம் முழுவதும் வெளி மாநிலத்தில் ப்ராஜெக்ட். மகன் காலேஜ் போன பிறகு போனில்கூட, "I'm fine, Amma" என்பதோடு சரி. என்னிடம் ஒன்றைக் கேட்க ஆள் வந்ததே பெரிதாக இருந்தது. சாவியைக் கொடுத்தேன்.

"விளக்கை அணைச்சுட்டு வாங்க. கேம்ப் ஸ்டவ் ஜாக்கிரதை" என்றேன். தீக்குத்தான் பயந்தேன்.

பூட்டிய வீட்டில் ஹீட்டர் ஓடாது. குளிர்காலத்தில் மெயின் வால்வை மூடி, குழாய்களை வடித்து வைத்திருப்பார்கள். செந்தில் பாத்திரம் கழுவ பேஸ்மென்ட்டில் அந்த வால்வைத் திறந்தார். கிச்சன் குழாயை மட்டும் மூடிவிட்டு வந்தார். உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து, குழாய் வெடித்தது. நான்கு நாள் கழித்து வங்கியின் ஆள் போனபோது கிச்சன் சீலிங் தரையில் கிடந்தது. கிச்சன் நிலையின் மேல் வைத்த குங்குமம் சுவரெல்லாம் வழிந்திருந்தது.

"சாவியை நான்தான் கொடுத்தேன்" என்று வங்கியிடம் சொன்னேன். அன்று மாலையே சம்மதத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

செந்திலின் அபார்ட்மென்ட்டுக்கு நேரில் போய்ச் சொன்னேன்.

"குழாயை நல்லா மூடிட்டுத்தானுங்க வந்தேன்" என்றார். "பாப்பாகிட்ட ரூமுக்கு என்ன கலர்னுகூட கேட்டுட்டேனுங்க."

அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை. ஏப்ரலில் கோயில் பார்க்கிங்கில் அந்தக் குழந்தையை அவர் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். காரை விட்டு இறங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கொடுக்கக் கூடாத சாவியைக் கொடுக்கத் தோன்றினால், யாருக்காக என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நான் செந்திலுக்காகக் கொடுக்கவில்லை.