சார்ட் அக்காவின் முதல் தப்பு

கைக்கடிகாரத்தைக் கழற்றி லேப்டாப்புக்கு வலப்பக்கம் வைத்தாயிற்று. கண்ணாடியைத் துடைத்தாயிற்று. புரோகிராமிங் சொல்லித்தரும் புதுத் தளம் ஒன்றை அக்கா திறக்கிறாள். முதல் பாடம், "வணக்கம் என்று திரையில் வரச் செய்" என்கிறது. சொன்னபடி எழுதுகிறாள். மூட வேண்டிய மேற்கோள் குறியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொள்கிறாள்.

"எப்படித் திட்டுறான்னு மொதல்ல பாக்கணும். பாராட்டத்தான் எல்லாருக்கும் தெரியுமே."

பஸ் டிப்போவில் எண்பத்து நான்கு டிரைவர்களுக்கு டியூட்டி சார்ட் போடுவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக. அங்கே யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, சார்ட் அக்காதான். யார் வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு முழங்கால் வலி, எந்த மாமனையும் மச்சானையும் ஒரே ஷிப்டில் போட்டால் வம்பு என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். புது டிரைவர் வந்தால் ஜன்னலோரம் போய் நின்றுகொள்வாள். "முன்னால யாரு வேணா ஓட்டுவாங்க. ரிவர்ஸ் எடுக்கட்டும்." தளங்களுக்கும் அதே அளவுகோல்தான்.

என் அக்கா என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சரி, என் அக்கா என்பதற்காகவும்தான் சொல்கிறேன்.

மூன்று மாதம் முன்பு தலைமை அலுவலகம், டியூட்டி போடுவதற்கென்றே ஒரு புரோகிராமை விலைக்கு வாங்கப் போவதாக அறிவித்தது. ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பார்கள். சரிப்பட்டால் சார்ட் வேலை அதற்கு, அக்கா டிக்கெட் கவுன்டருக்கு. கவுன்டரில் உட்காருவதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. "எண்பத்து நாலு பேரோட தூக்கத்த அது பாத்துக்குமா?" என்பதுதான் அவள் கேள்வி. நேராக மேலாளரிடம் போய் அனுமதி வாங்கினாள். "அது போடுற சார்ட்ட நான் சரிபாக்கணும் சார். கையால இல்ல, நானும் ஒரு புரோகிராம் எழுதி." இதைச் சொன்னபோது அவளுக்குப் புரோகிராமில் ஒரு வரி தெரியாது. வயது நாற்பத்தேழு.

மென்பொருள் கம்பெனியில் இருக்கும் அவள் மகள், புரோகிராமிங் சொல்லித்தரும் தளங்களின் பட்டியல் ஒன்றை அனுப்பினாள். கலர் கலர்க் கட்டைகளை இழுத்து ஒட்டும் தளத்தில் ஒரு பூனை நடந்தது. "பூனை நல்லாத்தான் நடக்குது. என் பஸ் எங்க?" அடுத்ததில் வீடியோ, அழகான பையன் ஒருவன் படபடவென்று தட்டித் தள்ளினான். "அவன் ஓட்டுறான், நான் பின் சீட்ல உக்காந்திருக்கேன்" என்று அதையும் மூடினாள். மற்றொன்று, ஒரு வரி சரியாக எழுதியதற்குத் திரை முழுக்கக் காகிதப்பூ தூவியது. அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, மேற்கோள் குறியை விட்டதற்கு "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று மட்டும் சொன்ன தளத்தின் மேல்தான். "எந்த எடத்துல, என்ன தப்பு? ஒரு டிரைவர் இப்படி ரிப்போர்ட் எழுதிக் குடுத்தா சும்மா விடுவோமா?"

கடைசியில் மாட்டியது ஒரு கறுப்புத் திரை. படமும் கிடையாது, பூவும் கிடையாது. "முதல் வரி: மேற்கோள் குறி மூடப்படவில்லை" என்றது. அக்கா கட்டிய கையை அவிழ்த்தாள்.

"இவன் டிப்போ ஆளு."

மகளுக்குத் திருப்தியில்லை. "அம்மா, இதுல சர்ட்டிபிகேட்கூடத் தர மாட்டாங்க."

"வாங்கி பஸ் கண்ணாடியில ஒட்டவா போறேன்? விடுடி."

தினமும் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம். ஆறாவது வாரம் நேரம் பற்றிய பாடம் வந்தது. கடைசி பஸ் டிப்போவுக்குத் திரும்பும் நேரத்தை எழுதினாள்: 25:10. அப்படி ஒரு மணி கிடையாது என்றது திரை. இத்தனை நாள் எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டவள் எழுந்தே போய்விட்டாள். டிப்போவில் ஒரு நாள் முடிவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, கடைசி பஸ் திரும்பும்போது. அதனால் இரவு ஒன்று பத்தை இருபத்தைந்து பத்து என்றுதான் எழுதுவார்கள். மற்ற உலகம் அப்படி எழுதுவதில்லை என்பதையே அவள் மறந்து பல வருஷம் ஆகியிருந்தது.

"தினம் எழுபது பேர் அந்த பஸ்லதான் வீட்டுக்குப் போறாங்க. அந்த நேரமே இல்லைங்கிறான்."

இரண்டு நாள் லேப்டாப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் எல்லா நேரத்தையும் நிமிஷமாக மாற்றினாள். 25:10 என்பது 1510 நிமிஷம். அதைத் திரை முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டது. உடனே என்னைக் கூப்பிட்டாள். "டேய், இவனுக்கே இருபத்தஞ்சு மணி தெரியலன்னா, அவங்க வாங்குற புரோகிராமுக்கு மட்டும் தெரியுமா?" அன்று நான் நாலு பேருக்குப் போன் போட்டு என் அக்காவைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன்.

அந்தப் புரோகிராமை ஓட்டிப் பார்த்த வாரத்தின் ஐந்தாம் நாள் லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு நானும் டிப்போவுக்குப் போனேன். மேலாளரும் புரோகிராம் விற்க வந்தவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் அந்தப் புரோகிராம் அச்சடித்த டியூட்டிச் சீட்டுகள். அக்கா தன் நாற்பத்தொரு வரிப் புரோகிராமை ஓடவிட்டாள். ஓய்வு போதாதவர்கள் என்று திரையில் நான்கு பெயர்கள் வந்தன.

"இவங்களுக்கு இருபத்தொன்பது மணி நேரம் ரெஸ்ட் இருக்கே, மேடம்" என்றார் விற்க வந்தவர்.

"ராத்திரி ஒன்னு பத்துக்கு வர்றவங்கள, நேத்து ராத்திரியே வந்துட்டதா எடுத்திருக்கு சார். இவங்க இன்னைக்கு ராத்திரிதான் வருவாங்க. நாளைக்குக் காலைல ஆறு இருபதுக்குத் திரும்ப பஸ் எடுக்கணும். நடுவுல அஞ்சு மணி பத்து நிமிஷம். அதுல வீட்டுக்குப் போகணும், வரணும், எப்பத் தூங்குறது?"

மேலாளர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "தலைமை ஆபீஸ்ல பேசிட்டுச் சொல்றேன்மா" என்றார்.

அந்த நால்வரில் ஒருவர் சீட்டு வாங்க வாசலில் நின்றிருந்தார். மேஜையிலிருந்து அவர் சீட்டை அக்கா எடுத்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. 6:20ஐக் கோடு போட்டு அடித்தாள், 14:00 என்று எழுதினாள், கீழே கையெழுத்துப் போட்டாள்.

"காலை பஸ்ஸ ரிசர்வ் ஆள் எடுத்துக்குவாரு. நீங்க தூங்கிட்டு வாங்க, அண்ணே."

மேலாளர் மற்ற மூன்று பேரின் சீட்டுகளையும் மேஜையிலிருந்து தேடி எடுத்து, அவள் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.