சீரகச் சரையில போன கடைசிப் பாகம்

சீரகமும் பழைய பேப்பரும் கலந்த ஒரு மணம்... நெளுக்குளத்தில நாங்கள் முதல்முதல் போட்ட பலசரக்குக் கடையை நினைச்சா அதுதான் முன்னுக்கு வரும்.

பத்தடிக் கடை. முன்னுக்கு நான் நிறுப்பன், பின்னுக்கு என்ரை மனிசி பேப்பரைக் கூம்பாச் சுத்திச் சரை செய்வா. அதுக்குப் பழைய பேப்பர் கிலோக் கணக்கில வாங்குவன்.

ஒரு கட்டுக்குள்ள தடிச்ச இங்கிலிஷ் புத்தகம் ஐஞ்சு கிடந்துது. மறுமலர்ச்சிக் காலத்து வெனிஸ் வியாபாரி ஒருத்தன்ரை கதை, ஐஞ்சு பாகம். மனிசி படிச்சவா. நான் எட்டாம் வகுப்போட நிண்டவன். "இதுகளிலை கை வைக்கப்படாது" எண்டு தூக்கிக்கொண்டு போயிட்டா.

மத்தியானத்தில ஆள் வராத நேரம் வாசிச்சு வாசிச்சுத் தமிழில சொல்லுவா. நான் சும்மா கேக்கிற ஆளில்லை.

"மிளகு விலை இறங்கேக்கை ஏன் முழுக்க விக்கிறான்? விசரனே?"

"போய் அவனுக்குப் பக்கத்தில நீங்கள் ஒரு கடை போடுங்கோவன்."

ஐஞ்சாம் பாகத்தில அவன்ரை கப்பல் மூண்டும் கடலில மூழ்கி, ஆள் நடுத்தெருவுக்கு வந்திட்டான். அந்த இடத்தில மனிசி காய்ச்சலில படுத்திட்டா. பொங்கலுக்கு முதல்நாள், கடை முட்டச் சனம், சரை முடிஞ்சுது... கைக்கு அம்பிட்டது அந்த ஐஞ்சாம் பாகம், கிழிச்சன். பின்பக்கத்தில இருந்து.

காய்ச்சல் விட்டு எழும்பி வந்து பாத்தா. "முடிவை ஊருக்கு வித்துப்போட்டு எனக்கு மட்டையைத் தாறியள்" எண்டா.

சைக்கிளை எடுத்தன். வாடிக்கைக்காரர் வீடு வீடாப் போய், "சீரகம் சுத்தின பேப்பர் கிடக்கோ?"

ஒரு அக்கா குசினிக்குள்ள நிண்டபடி சொன்னா: "அதாலதான் தம்பி பொங்கல் அடுப்பு மூட்டினனான். சீரகத்தையும் திருப்பித் தரட்டோ?"

ஒன்பது தாள் கிடைச்சுது, மஞ்சள் கறையோட. கடைசித் தாள் இல்லை.

மனிசி ஒன்பதையும் வாசிச்சு முடிச்சுப்போட்டு என்னைப் பாத்தா. "நீங்களும் வியாபாரிதானே. இனி என்ன செய்வான்? சொல்லுங்கோ."

"வேறை ஊரில சின்னனாத் தொடங்குவான். அவனுக்கு வேறை என்ன தெரியும்?"

"அப்ப அதுதான் முடிவு" எண்டு மூடி வைச்சா.

அடுத்த மாரியில கடைக்குள்ள வெள்ளம் ஏறி, அரிசி, மிளகாய், மற்ற நாலு பாகம் எல்லாம் போச்சு. அலுமாரிக்கு மேலை கிடந்த அந்தக் கிழிஞ்ச புத்தகமும் தராசும் மிச்சம். ஊர் மாறி வட்டக்கச்சிக்கு வந்து ஒரு கொட்டிலில திருப்பித் தொடங்கேக்கை, "இதுவும் போனா?" எண்டு கேட்டன். மனிசி சிரிச்சா... "முடிவு தெரிஞ்ச கதைதானே, பிறகென்ன பயம்?"

இண்டைக்குக் கிளிநொச்சியில ரெண்டு மாடிக் கடை. எல்லாம் பைக்கற்றில வருது, ஒருத்தரும் சரை சுத்திறேல்லை. மத்தியானத்தில கதை சொல்ல நேரமும் இல்லை... அது ஒண்டுதான் குறை.

போன கிழமை அந்தப் புத்தக மட்டையைப் படம் எடுத்து அனுப்பி, கொழும்பில இருந்து கடைசிப் பாகத்தைப் புதுசா எடுப்பிச்சன். மனிசி கடையில நிண்டபடியே கடைசித் தாளை வாசிச்சா. அவன் எல்லாத்தையும் விட்டிட்டு மடத்தில போய்ச் சேந்திட்டானாம்.

படக்கெண்டு மூடினா. "எழுதினவர் ஒருநாளும் கடை வைச்சிருக்கமாட்டார்" எண்டா.

புதுசு அலுமாரிக்குள்ள கிடக்கு. கிழிஞ்சதுதான் கடையில, தராசுக்குப் பக்கத்தில.